பெரிய வெள்ளியில் சோறு சாப்பிட்ட அமலம்மாள்

தீபாவளிக்கு முந்திய வாரம் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ஒரு கடைப் பாட்டு இன்னொரு கடைப் பாட்டின் மேல் ஏறி விழும். பக்கிரிசாமியின் துணிக்கடையும் அதற்குக் குறைந்ததல்ல. வாசலில் ஆளுயர ஸ்பீக்கர் வைத்திருந்தார். அந்த இரைச்சலுக்குள் ஒருநாள் நடுவயது ஆள் ஒருவர் வந்து, எதையும் தொடாமல் புடவை அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றார். "என்ன வேணும் அண்ணே?" என்று புடவைப் பக்கம் நின்ற லெட்சுமி கேட்டாள். "வீட்டுக்காரிக்கு ஒரு புடவை" என்றார். "தீபாவளிக்கா?" என்றதும் தலையைக் குனிந்துகொண்டார்.

வெட்டு மேசையில் ரவிக்கைத் துணி வெட்டிக்கொண்டிருந்த அமலம்மாள் அவர் முகத்தை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். கத்திரிக்கோலை வைத்துவிட்டுப் போய்ப் பாட்டை நிறுத்தினாள். அவரைக் கடைசி மூலைக்குக் கூட்டிப்போய் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, "அக்காவுக்கு என்ன கலர் பிடிக்கும்?" என்று மெதுவாகக் கேட்டாள். அந்த மனுஷன் அங்கேயே உடைந்து அழுதுவிட்டார். மனைவி அன்று காலையில்தான் இறந்திருந்தாள். உடுத்தி அனுப்பப் புடவை வேண்டியிருந்தது. மாம்பழ மஞ்சளில் ஒன்றை எடுத்துக் கொடுத்து, வாசல் வரைக்கும் கூடப் போய் அனுப்பிவிட்டு, அமலம்மாள் மறுபடியும் வெட்டு மேசைக்கு வந்தாள்.

"யாரு பாட்ட நிறுத்துனது? கடையா இது, இல்ல மடமா?" என்று மாடியிலிருந்து முதலாளி கத்தினார்.

"வயரு லூசா இருக்கு முதலாளி. நீங்க வந்து பாத்தாத்தான் சரிவரும்" என்றாள் அமலம்மாள்.

பக்கிரிசாமி இறங்கி வந்து வயரை ஆட்டினார். பாட்டு வந்தது. "பாத்தியா, நான் தொட்டாத்தான் இந்தக் கடையில எதுவும் ஓடும்" என்று சந்தோஷமாக மாடியேறினார். அமலம்மாள் சிரிக்கவே இல்லை. லெட்சுமிதான் புடவைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

லெட்சுமியும் அமலம்மாளும் ஒரே கடையில் ஏறக்குறைய இருபது வருஷம் வேலை பார்த்தவர்கள். லெட்சுமி தண்ணீர்மலை முருகனுக்கு வருஷம் தவறாமல் பால்குடம் எடுப்பவள். அமலம்மாள் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். அவள் புருஷன் டெஸ்மண்ட், ஜுருவில் ஒரு கார்ப் பட்டறையில் வேலை பார்த்தார். ஒரே மகள் நட்டாலி பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே அவர் தவறிப்போனார். அதன்பிறகு ஜெலுத்தோங் ஃபிளாட்டில் தாயும் மகளும்தான். மகள் படித்து முடித்து, கோலாலம்பூரில் கல்யாணமாகிப் போய்விட்ட பிறகு அமலம்மாள் மட்டும்தான்.

அந்த மாதா கோயில் ஆட்கள் மத்தியில் அமலம்மாளுக்கு ஒரு தனி மரியாதை இருந்தது. அதற்குக் காரணம் அவளுடைய வலி.

திருநீற்றுப் புதன் வந்து தவக்காலம் தொடங்கிவிட்டால் அவள் ஒருசந்தி பிடிப்பாள். ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் சோறு, அதுவும் கொஞ்சம். மற்றவர்கள் புதனும் பெரிய வெள்ளியும் மட்டும் இருப்பார்கள். இவள் நாற்பது நாளும் இருப்பாள். பெரிய வாரம் நெருங்க நெருங்க வயிற்றில் வலி பிடிக்கும். சும்மா வலி இல்லை, பாயோடு சுருட்டிப்போடுகிற வலி. வாந்தி எடுக்கும். கால் துவண்டுபோகும். சில நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். டாக்டர்கள் குடல்வால் என்று ஒரு தடவை வெட்டினார்கள். வெட்டிய பிறகும் வலி வந்தது. இன்னொருவர் மனசில்தான் கோளாறு என்று தூக்க மாத்திரை எழுதினார். அதைத் தின்ற வருஷம் வலி இன்னும் கூடியது.

அவளுடைய தாயாருக்கும் அப்படித்தான் இருந்தது. அந்த அம்மா ஒரு பெரிய வெள்ளியன்றே மூச்சடங்கிப் போனார். 'ஆண்டவர் போன நாளில் கூடவே போனவள்' என்று ஊரே பேசியது. அவருடைய படத்துக்கு முன்னால் வீட்டில் எப்போதும் ஒரு மெழுகுத்திரி எரியும்.

ஆக, கோயில் பெண்களுக்கு அது வியாதியாகத் தெரியவில்லை. ஆண்டவர் தம்முடைய பாடுகளில் இந்தக் குடும்பத்துக்கு ஒரு பங்கு கொடுத்திருக்கிறார் என்றே நம்பினார்கள். ஜெபக்குழுவை நடத்துகிற லினெட், ஒவ்வொரு பெரிய வெள்ளியும் காலையில் சிலுவைப்பாதை முடிந்ததும் பெண்களைக் கூட்டிக்கொண்டு ஃபிளாட்டுக்கு வருவாள். பாயில் சுருண்டு கிடக்கிறவளின் கையைத் தொட்டு ஒவ்வொருத்தியும் வேண்டிக்கொள்வாள். மகனுக்கு வேலை, மருமகளுக்குப் பிள்ளை, இப்படி. லெட்சுமியும் கடையில் சொல்லிவிட்டுப் போவாள். வலியில் கிடக்கிறவர்கள் வாயால் கேட்டால் எந்தச் சாமியும் கேட்கும் என்பது அவளுடைய நம்பிக்கை.

அப்படித்தான் போயிருக்கும். ஆனால் ஒரு வருஷம் பெரிய வாரத்துத் திங்கட்கிழமை, துணி வெட்டிக்கொண்டிருந்த கை நின்றது. கத்திரிக்கோல் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்த அமலம்மாள் நிமிரவில்லை. பக்கிரிசாமி தன் காரிலேயே தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். "வேணாம் முதலாளி, வெள்ளிக்கிழம தானா சரியாயிடும்" என்று வழியெல்லாம் முனகினாள். "வெள்ளிக்கிழம நீ இருந்தாத்தானேலா!" என்று அவர் ஹாரனை அடித்துக்கொண்டே போனார்.

வார்டில் லெட்சுமி துணைக்கு இருந்தாள். சிறுநீரைப் பிடித்துக் குப்பியில் தரச் சொன்னார்கள். நர்ஸைக் காணாததால் லெட்சுமி குப்பியை ஜன்னல் திண்டில் வெயிலில் வைத்துவிட்டு மறந்துபோனாள். மத்தியானம் காமினி என்ற பெண் டாக்டர் வந்தார். தமிழ்ப் பிள்ளைதான், ஈப்போக்காரி, தமிழில் பாதிக்கு மேல் இங்கிலீஷ். பேசிக்கொண்டே வந்தவர் ஜன்னலைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இத யாரு இங்க வச்சது?"

லெட்சுமிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "நான்தான் டாக்டர். மறந்துட்டேன். திட்டாதீங்க."

"வைக்கிறப்போ என்ன கலர்?"

"லேசாத்தான் இருந்துச்சு."

இப்போது கடுங்காப்பித் தண்ணி மாதிரிச் சிவந்து கருத்திருந்தது. டாக்டர் குப்பியைக் கையில் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "அக்கா, ஒழுங்கா சாப்ட்டு எவ்ளோ நாளாச்சு?"

"ஒருசந்தி" என்றாள் அமலம்மாள்.

அந்த வார்த்தை டாக்டருக்குப் புரியவில்லை. லெட்சுமி விளக்கினாள். கேட்டு முடித்ததும் டாக்டர் எழுந்து போய் நர்ஸிடம் வேகமாக ஏதோ சொன்னார். நரம்பில் சீனித்தண்ணி ஏற்றினார்கள். மறுநாள் வேறொரு மருந்தும் ஏற்றினார்கள். பெரிய வெள்ளி வருவதற்குள் வலி அடங்கிப்போனது.

அமலம்மாள் அதற்குச் சந்தோஷப்படவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "இத்தன வருஷப் பாடு... சீனித்தண்ணியிலயா லெட்சுமி போச்சு?" என்றாள். லெட்சுமி போர்வையை இழுத்துவிட்டாள்.

பரிசோதனை முடிவு வந்ததும் டாக்டர் காமினி விளக்கிச் சொன்னார். வியாதியின் பெயர் போர்ஃபிரியா. பிறவியிலேயே வருவது. தாய் தகப்பனிடமிருந்து இறங்குவது.

"நீங்க துணிக்கடைதானே? மேல ஸ்டோர், கீழ வெட்டுற மேசை. கரெக்டா?"

"ஆமா. முதலாளி மேல இருந்து சீட்டு எழுதிக் கூடையில இறக்குவாரு. சீட்டுப்படி பையனுங்க துணிக்கட்டு எடுத்துத் தருவானுங்க."

"அதேதான். உங்க ஈரல்ல ஒரு மரபணு அந்த முதலாளி. அது சீட்டு எழுதி அனுப்பும், சரக்கு வரும். ஆனா உங்க வெட்டுற மேசை பிறவியிலயே ஸ்லோ. மத்தவங்களுக்கு ரெண்டு ஆளு வெட்டுனா உங்களுக்கு ஒரே ஆளு. நல்லா சாப்பிட்டா முதலாளி அளவாத்தான் சீட்டு அனுப்புவாரு. பட்டினி கிடந்தா அவருக்கு வெறி புடிச்சிரும். சீட்டு மேல சீட்டு. வெட்டாத கட்டு வழியெல்லாம் குவிஞ்சிரும். அந்தக் குவியல்தான் விஷம். வயிறு, நரம்பு எல்லாத்தையும் புடிக்கும். மூச்ச நிறுத்துனாலும் நிறுத்தும்."

பக்கிரிசாமிக்கு வெறி பிடிப்பதை நினைத்து லெட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. டாக்டர் கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் அது நின்றுபோனது.

"இப்ப புதுசா ஒரு ஊசி இருக்கு. செயற்கையா செஞ்ச குட்டி மரபணுத் துண்டு. அது மரபணு மேல கை வைக்காது. சீட்டு கீழ வர்ற வழியில நிக்கும். அந்த ஒரு சீட்டுல மட்டும் போய் ஒட்டிக்கும். வெட்டுறதுக்குக் கத்திரிக்கோல் உங்க உடம்புலயே இருக்கு. எந்தச் சீட்ட வெட்டணும்னு காட்டிக் கொடுக்கிறதுதான் இதோட வேலை. முதலாளி மேல உக்காந்து கத்திக்கிட்டேதான் இருப்பாரு. கீழ ஒருத்தருக்கும் கேக்காது. மாசம் ஒரு தடவ போடணும். ஆராய்ச்சியில உங்கள சேத்துவிட என்னால முடியும். ஆனா ஒண்ணு, பட்டினி கூடவே கூடாது. இன்னொரு தடவ இப்படி வந்தா நான் காப்பாத்துவேன்னு சொல்ல முடியாது."

அமலம்மாள் கேட்டாள். "அந்த மரபணுவ ஏன் டாக்டர் பேசவிடாம பண்ணணும்? அது ஆண்டவர் வச்ச வாய் இல்லையா?"

"அது எனக்குத் தெரியாதுக்கா. நான் ஈரல் டாக்டர்."

ஊசி வேண்டாம் என்று அமலம்மாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். கடைக்கு வந்தாள், துணி வெட்டினாள், சிரித்தாள். அடுத்த தவக்காலத்துக்கும் ஒருசந்தி உண்டு என்று அவள் முடிவு பண்ணியிருப்பது லெட்சுமிக்குத் தெரிந்தே இருந்தது. பங்குச் சாமியார் கூப்பிட்டுச் சொன்னார்: "நோயாளிக்கு ஒருசந்தி கடமை இல்லம்மா, திருச்சபை சட்டமே அதுதான்." அவள் தலையாட்டினாள். தன்னை நோயாளி என்று அவள் ஒத்துக்கொண்டிருந்தால் அந்தச் சட்டம் அவளுக்குப் பொருந்தியிருக்கும். நோயாளி என்று ஒத்துக்கொண்டால் தாயாரும் நோயாளிதான். மெழுகுத்திரிக்குப் பின்னால் இருக்கிற முகத்தைப் பிறகு எப்படிப் பார்ப்பது?

"அக்கா, எனக்காக ஒரு தடவ அந்த ஊசியப் போட்டுக்கங்களேன்" என்று லெட்சுமி கேட்டுப் பார்த்தாள்.

"நீ முருகனுக்காக நாக்குல வேல் குத்துறவங்களப் பாத்து அப்படிக் கேப்பியா?"

"குத்துன வேல அன்னைக்கே எடுத்துருவாங்கக்கா. உங்க வேல் வருஷா வருஷம் உள்ளயே நிக்குது." அமலம்மாள் எழுந்து போய்விட்டாள்.

டாக்டர் காமினி விடவில்லை. பிறவி வியாதி என்பதால் மகளையும் பரிசோதிக்கச் சொன்னார். கோலாலம்பூரில் நட்டாலி இரத்தம் கொடுத்தாள். அவளுக்கும் அந்தக் குறை இருந்தது. அவளுக்கு இதுவரை ஒன்றும் வந்ததில்லை. பசி தாங்காத பிள்ளை, காலையிலேயே ரொட்டி சானாய் இல்லாமல் வீட்டை விட்டு இறங்காது.

அந்தச் செய்தி வந்த சாயந்திரம் லெட்சுமி ஃபிளாட்டில்தான் இருந்தாள். நட்டாலி ஃபோனில் பேசினாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள்.

"அம்மா, வர்ற தவக்காலம் நானும் நாப்பது நாளும் ஒருசந்தி."

"உனக்கென்ன பைத்தியமா? டாக்டர் சொன்னது காதுல விழல?"

"விழுந்துச்சு. உங்களுக்கும்தான் சொன்னாங்க. பாட்டிக்குக் கெடச்சுது, உங்களுக்குக் கெடச்சுது. எனக்கு மட்டும் வேணாமா அந்த வரம்?"

"வெளையாடாத நட்டாலி."

"வெளையாட்டு இல்லம்மா. நீங்க இருந்தா நானும் இருப்பேன். நீங்க சாப்ட்டா நானும் சாப்டுவேன். லினெட் ஆன்டிகிட்ட சொல்லி வைங்க, இன்னொரு பாய் வேணும்னு."

அமலம்மாள் ஃபோனை மேசையில் வைத்தாள். அணைக்கவில்லை. அந்தப் பக்கம் மகள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அமலம்மாள் எழுந்து போய்த் தாயாரின் படத்துக்கு முன்னால் நின்றாள். கடைசி நாட்களில் அந்த அம்மாவால் கரண்டியைக்கூடத் தூக்க முடியவில்லை என்று எப்போதோ லெட்சுமியிடம் சொல்லியிருக்கிறாள். 'சோறு' என்று ஒருமுறை கேட்டாராம். ஒருசந்தி முறிந்துவிடும் என்று யாரும் கொடுக்கவில்லையாம்.

"அம்மா பசிக்குதுன்னுதான் சொன்னாங்க" என்றாள் அமலம்மாள், யாரிடமும் இல்லாமல். பிறகு ஃபோனை எடுத்தாள். "நட்டாலி, அந்த டாக்டர் நம்பர அனுப்பு."

ஊசியை வயிற்றுத் தோலில் போட்டார்கள். போட்ட இடம் சிவந்து இரண்டு நாள் அரிக்கும், குமட்டும். ஒவ்வொரு மாசமும் ஈரலைப் பார்க்க இரத்தம் எடுப்பார்கள். "என்னக்கா, முதலாளி சத்தம் கேக்குதா?" என்று லெட்சுமி கேட்பாள். "மேல இருக்கிறவரா, உள்ள இருக்கிறவரா?" என்பாள் அமலம்மாள். பக்கிரிசாமிக்கு ஒன்றும் புரியாது. "என்னத்தப் பேசுறீங்க, கஸ்டமர் நிக்குது!" என்பார்.

தவக்காலம் வந்தது. திருநீற்றுப் புதனன்று மூன்று வேளையும் சாப்பிட்டாள். முதல் வேளைச் சாப்பாட்டை அழுதுகொண்டே சாப்பிட்டாள் என்று நட்டாலி பிறகு சொன்னாள். வீடியோவில் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டுதான் இருவரும் சாப்பிட்டார்களாம்.

பெரிய வெள்ளி காலையில் லெட்சுமி சாம்பாரும் உருளைக்கிழங்குப் பொரியலும் செய்து எடுத்துக்கொண்டு ஜெலுத்தோங்குக்குப் போனாள். சிலுவைப்பாதை முடிந்து லினெட் பெண்களோடு வந்தாள். வாசலிலேயே நின்று, அமலம்மாள் பாயில் இல்லாததைப் பார்த்து, "என்ன அமலம், இன்னும் வரலையா?" என்று கவலையாகக் கேட்டாள்.

"வரல. இனிமே வராது. உள்ள வாங்க."

மேசையில் சோறு போட்டிருந்தது. அமலம்மாள் உட்கார்ந்து சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஆண்டவர் உயிர்விட்ட மூணு மணிகூட ஆகலயே! பெரிய வெள்ளியில சோறா?" என்றாள் லினெட்.

"சோறுதான் லினெட். எனக்கு வியாதி, மாசா மாசம் ஊசி போட்டுக்கிறேன். உங்ககிட்ட மறைச்சா தப்பு." சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "எங்க அம்மாவுக்கு இருந்ததும் இதே வியாதிதான். பசியில செத்தாங்க. நாம சுத்தி உக்காந்து பாட்டுப் பாடுனோம்."

லினெட்டின் முகம் வெளிறியது. "அப்ப இத்தன வருஷமா உன் கையத் தொட்டு நாங்க வேண்டிக்கிட்டதெல்லாம்?"

"ஆண்டவர் கேட்டிருப்பாரு. என் கையப் பாத்தா கேட்டாரு?"

"ஊசி போட்டு அவர் வாயவே அடைச்சிட்ட நீ" என்றாள் லினெட். சொன்னவள் உடனே அழுதாள். இரண்டு பேர் அவளைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார்கள். மற்றவர்களும் ஒவ்வொருத்தியாகப் போனார்கள்.

ஒரு வயதான அம்மா மட்டும் போகாமல் நின்றார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "எனக்கும் கொஞ்சம் போடு அமலம். இனிப்பு நீரு, சக்கர வியாதி எனக்கு. காலையிலேருந்து கண்ணு இருட்டுது. சொன்னா லினெட் திட்டும்னு பேசாம நடந்து வந்தேன்."

லெட்சுமி இன்னொரு தட்டு எடுத்து வந்தாள். மூவரும் சாப்பிட்டார்கள். பிறகு அமலம்மாள் கை கழுவி, வெள்ளைச் சேலை கட்டி, மூன்று மணி வழிபாட்டுக்குத் தன் காலால் நடந்து போனாள். பெரிய வெள்ளி வழிபாட்டுக்கு அவள் போய் எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அந்த நாளில் எப்போதும் பாயில்தானே கிடப்பாள்.

லினெட் அதற்குப் பிறகு பல வாரம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கோயிலில் சிலர் ஒதுங்கினார்கள், சிலர் ஒன்றும் நடக்காதது போல இருந்தார்கள். அமலம்மாள் யாரையும் குறை சொல்லவில்லை.

ஈஸ்டர் முடிந்து கொஞ்ச நாளில் நட்டாலி பிள்ளை உண்டாகியிருப்பதாகச் செய்தி வந்தது. இந்தக் குறை உள்ளவர்கள் பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும், கூட ஆள் வேண்டும் என்று டாக்டர் காமினி சொன்னார். அமலம்மாள் தன் ஊசியைக் கோலாலம்பூரிலேயே போட்டுக்கொள்ளவும் ஏற்பாடு செய்து கொடுத்தார். அமலம்மாள் ஃபிளாட்டைக் காலி செய்தாள். பக்கிரிசாமி வெட்டு மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "போறவங்க போங்க, கடை நின்னுருமா?" என்றார். பிறகு மாடிக்குப் போய் அன்று முழுக்க இறங்கவே இல்லை.

லெட்சுமி தீவிலிருந்து ஃபெரியில் அக்கரை வரைக்கும் கூடப் போனாள். பஸ் நிலையத்தில் இருவரும் பெட்டிமேல் காலை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். மனசில் இருந்ததை லெட்சுமி அப்போதுதான் கேட்டாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. வலி போனதுல ஒரு கொறையும் தெரியலையா உங்களுக்கு? ஆண்டவர் பக்கத்துலயே இருந்த மாதிரி இருந்துச்சே."

பஸ்காரன் கோலாலம்பூர், கோலாலம்பூர் என்று கூவினான். அமலம்மாள் எழுந்து லெட்சுமியின் கன்னத்தைத் தொட்டாள்.

"இத்தன வருஷமா பெரிய வெள்ளியன்னைக்கு என் வயித்தையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன்டி. இந்த வருஷந்தான் நிமிந்து சிலுவையில அவரப் பாத்தேன். பாவம்டி, எவ்ளோ காயம்."